முதலில் சென்ற பெண்கள்

புதிதாக ஓர் ஊர் தோன்றும்போது, அதன் வரலாற்றை எழுதுவோர் மூன்று செய்திகளைத் தவறாமல் குறித்து வைப்பர். நிலம் எவ்வளவு, பணம் எவ்வளவு, அடிக்கல் நாட்டியவர் யார் என்பனவே அவை. அவ்வூருக்கு முதன்முதலில் வந்து அடுப்பு மூட்டிய பெண் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் கேட்டதில்லை. கேட்கத் தவறியதால் என் கையிலிருந்து நழுவிப்போன ஒரு பொருளைப் பற்றியே இன்று உங்களுடன் பேசப் போகிறேன். அதற்கு முன், கடல் கடந்து, ஏறத்தாழ நூற்று எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று ஒரு பெண்மணியைப் பார்த்து வருவோம்.

அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டில் ஒரு புதிய கிறித்தவப் பிரிவு தோன்றிற்று. அதைச் சேர்ந்தோரை உலகம் மார்மன்கள் என்று அழைத்தது. அயலாரோடு ஏற்பட்ட பகை முற்றி, 1844ஆம் ஆண்டில் அச்சமயத்தின் நிறுவனர் கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். அடியார்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1846ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். மாட்டு வண்டிகளே அவர்களுடைய வீடுகள். இடையில் ஒரு குளிர்காலத்தைப் பாசறையில் கழித்து, அங்கிருந்து மேலும் ஆயிரம் மைல் கடந்து, 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதற் கூட்டத்தார் பெரிய உப்பு ஏரியின் பள்ளத்தாக்கை அடைந்தனர். அக்கூட்டத்தில் இருந்தோர் 148 பேர். அவர்களுள் ஆடவர் 143, குழந்தைகள் இருவர், பெண்கள் மூவரே.

அடுத்து வந்த கூட்டத்தில், அதே ஆண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தவர் பாட்டி செஷன்ஸ் என்னும் பெண்மணி. பாட்டி என்பது அவருடைய இயற்பெயர். ஆயினும் தமிழ்ப் பொருளிலும் அப்பெயர் அவருக்குப் பொருத்தமே. அப்பொழுது அவருக்கு வயது 52. நான்கு எருதுகள் பூட்டிய வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு மருத்துவச்சி. தம் வாழ்நாளில் அவர் பார்த்த பேறுகளின் எண்ணிக்கை 3,977 என்று கூறுவர். வழியில் கூடாரத்திலும் வண்டியிலும் பேறு பார்த்தார். பள்ளத்தாக்கை அடைந்த சில நாள்களிலேயே அங்கும் ஒரு குழந்தையைத் தம் கையில் ஏந்தினார். பிறகு பழத்தோட்டம் வைத்தார். முதுமையில் தம் செலவில் ஒரு பள்ளியும் நிறுவினார். அவர் வாழ்வில் துயரம் இல்லாமலும் இல்லை. அச்சமயத்தார் அந்நாளில் பலதார மணத்தை ஏற்றிருந்தனர். தம் கணவர் வேறொருத்தியையும் மணந்தபோது அவர் உற்ற வேதனையை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவரே எழுதி வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1846ஆம் ஆண்டில் பயணம் தொடங்கிய நாளிலிருந்து அவர் நாட்குறிப்பு எழுதினார். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. இன்று மழை, இன்று இன்னார் வீட்டில் குழந்தை பிறந்தது, இவ்வளவு கூலி வரவேண்டும், இன்று துணி தைத்தேன் என்னும் அளவிலே அமைந்த சிறு சிறு வரிகள். பெரிய மனிதர்களின் அறிக்கைகள் ஆயிரம் இருக்க, அந்த எல்லைப்புறத்தில் ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள் என்று அறிய விரும்பும் அறிஞர்கள் இன்று தேடிச் செல்வது அந்தச் சிறு வரிகளையே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. இராமாநுசர் அவதரித்த தலம். அதற்குத் தெற்கே ஒரகடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஏரிக்கரையோரமான ஒரு சிற்றூரில் என் வீடு இருக்கிறது. என் இளமையில் அங்கே ஏரி நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் கேழ்வரகும் வேர்க்கடலையும். இருட்டியபின் பேருந்து இல்லை. நரியின் ஊளையும் தவளையின் ஒலியுமே இரவில் கேட்கும்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகி வெளிவரத் தொடங்கின. 2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் ஆடவர் சென்றனர். மின்னணுத் தொழிற்சாலைகளுக்கோ பெண்கள் வந்தனர். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு வந்தனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகத் தனியே வெளியூரில் தங்கி, மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள்.

அவர்கள் வருவதற்கு ஒரு சட்டத் தடையும் நீங்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்திருந்தது. பாதுகாப்பை எண்ணி எழுந்த விதிதான். எனினும் அதுவே வேலையை மறுக்கும் கதவாகவும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதி ஆண் பெண் சமத்துவத்திற்கு மாறானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரவில் பெண்களைக் குழுவாகவே அமர்த்த வேண்டும், போக்குவரத்து வசதி தர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. தவளையின் ஒலி கேட்ட எங்கள் ஊரில் நள்ளிரவில் பேருந்தின் ஒலி கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் வீட்டு மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கரம்பு நிலத்து ஊர், வயது 19. தந்தை உடன் வந்திருந்தார். அவர் அறையைப் பார்க்கவில்லை, வாடகையைக் கேட்கவில்லை. கிணற்றடியையும் வாசற்கதவின் தாழ்ப்பாளையும் பார்த்தார். பிறகு என்னிடம், “அம்மா, ராத்திரி வண்டி வாசல்வரை வருமா?” என்று மட்டும் கேட்டார். தெருமுனைவரை வரும் என்றேன். தெருமுனையிலிருந்து என் வீட்டுவரை நடந்து சென்று, அடிகளை எண்ணிக்கொண்டு திரும்பி வந்தார். அதன் பின்னரே மகளின் தகரப் பெட்டியை மாடிக்குத் தூக்கிச் சென்றார்.

விரைவில் அந்த ஓர் அறையில் ஆறு பெண்கள் ஆயினர். அறை நெருக்கடியாக இருந்ததென்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் ஆறு பேரும் ஒருசேர அங்கே இருந்த நாள்கள் மிகச் சில. ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். ஒருத்தி பாயைச் சுருட்டும்போது மற்றொருத்தி அதே இடத்தில் பாயை விரிப்பாள். ஆதலால் அந்த அறையில் எந்நேரமும் யாரேனும் உறங்கிக்கொண்டிருப்பர். மற்றவர் ஓசைபடாமல் நடப்பர். மாடியில் ஆறு பெண்கள் இருந்தும் பேச்சொலி கேளாத வீடு என் வீடு.

அவள் வேலை செய்தது கைப்பேசி உறுப்புகளைச் செய்து தந்த ஒரு சிறு தொழிற்சாலையில். வேலை எப்படிப்பட்டது என்று ஒருநாள் கேட்டேன். தலைமயிர் வெளியே தெரியாதபடி குல்லா, கையுறை, மணிக்கட்டில் ஒரு பட்டை, அப்பட்டையிலிருந்து ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். நம் உடலில் தேங்கும் சிறு மின்னூட்டமும் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடுமாதலால், அது நிலத்துக்குள் இறங்குவதற்காக அந்த ஏற்பாடு. “மாட்டைக் கட்டுவதுபோல என்று முதல் நாள் நினைத்தேன், டீச்சர். காரணத்தைச் சொன்னபிறகு என் கையை நானே மதிப்பாகப் பார்த்தேன்” என்றாள். எட்டு மணிநேரமும் நின்றபடியே வேலை. ஒரே வகை உறுப்பு முன்னே நகர்ந்து வரும். அதில் ஒரே செயலைச் செய்து அனுப்ப வேண்டும். கைப்பேசிக்காக உழைத்த அவள் தன் கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. வாயிலில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

அவளிடம் பழுப்பு அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருந்தது. மாதக் கடைசியில் கூட்டல் சரியா என்று பார்க்க அதை என்னிடம் கொண்டுவருவாள். ஊருக்கு 2,500, வாடகை 400, சீட்டு 500, சோப்பு, எண்ணெய் என்று கணக்கு ஓடும். கணக்கினிடையே வேறு வரிகளும் இருக்கும். இன்று லைன் இரண்டு மணிநேரம் நின்றது. மணிக்கட்டு வலி, தைலம் 22 ரூபாய். தம்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று தாமதமாக வந்ததற்கு எல்லார் முன்னும் திட்டு வாங்கினேன். அம்மாவின் தோடு மீட்டாயிற்று. பொங்கலுக்கு விடுப்பு இல்லை. டீச்சர் வீட்டில் பொங்கல். இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நான் கூட்டலை மட்டும் சரிபார்த்து, ஓரத்தில் ஒரு குறியிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன். ஆசிரியையின் பழக்கம் அது.

2014ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. உலகின் மிகப் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக இருந்தது அது. பெரிய மரம் சாய்ந்தால் அதன் நிழலில் இருந்த செடிகள் என்னாகும்? அவள் வேலை செய்த இடமும் மூடப்பட்டது. தெருமுனைக்கு வரும் பேருந்துகள் குறைந்தன. மாடி அறையில் ஆறு பேர் மூவராயினர், மூவர் ஒருவராயினர். அவளும் ஒருநாள் காலையில் தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பினாள். அதே ஆண்டு தையில் திருமணம் என்றாள். தேவையில்லாதவற்றை ஒரு சாக்கில் கட்டி, “தூக்கிப் போட்டுவிடுங்கள், டீச்சர்” என்று மாடிப்படியின் கீழ் வைத்துவிட்டுச் சென்றாள்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்து எங்கள் பகுதி ஏரிகள் எல்லாம் பெருகியது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். மழை நின்றபின் நனைந்த பொருள்களை வெளியேற்றினேன். பழைய பேப்பர் வாங்குபவர் வந்தார். அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். மேலாக அந்தப் பழுப்பு அட்டைக் குறிப்பேடுகள் இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு ஆறு. பழைய கணக்குத்தானே என்று எண்ணி எடைக்குப் போட்டுவிட்டேன். எவ்வளவு கிடைத்தது என்பதுகூட இன்று நினைவில் இல்லை.

இதற்கு ஈராண்டுக்குப் பிறகுதான் பாட்டி செஷன்ஸின் நாட்குறிப்பைப் பற்றி ஒரு நூலகத்தில் படித்தேன். மழை, கூலி, தைத்த துணி, பிறந்த குழந்தை என்று அதில் இருந்த செய்திகளைப் படித்துக்கொண்டே வந்தவளுக்கு, சட்டென்று என் மாடிப்படியின் கீழிருந்த சாக்கு கண்முன் வந்து நின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாடு போற்றிக் காத்து வரும் பொருளும், நான் எடைக்குப் போட்ட பொருளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்லவா? மன்னர்களின் கல்வெட்டுகளைப் படியெடுக்க மாணவர்களை அழைத்துச் சென்ற நான், என் வீட்டு மாடியில் எழுதப்பட்ட வரலாற்றைப் படிக்காமலே கூட்டல் மட்டும் பார்த்திருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, இவ்விரு பெண்களையும் ஒன்றென்று நான் கூறவில்லை. வேறுபாடு பெரிது. மார்மன் பெண் குடும்பத்தோடும் சமயத்தாரோடும் சென்றாள், சென்ற இடத்தில் நிலம் பெற்றாள், அங்கேயே வேரூன்றினாள். நம் பெண் தனியே வந்தாள்; சில ஆண்டு உழைத்தாள்; ஒரு சாண் நிலமும் தனக்கென்று இல்லாமல் திரும்பினாள். ஊர் வளர்ந்தது, ஊரை வளர்த்தவள் அங்கே இல்லை. ஆனால் ஒற்றுமை ஒன்றும் உண்டு. இரண்டு இடங்களும் வெறும் நிலங்கள் அல்ல. உப்பு ஏரியைச் சுற்றி யூட், ஷோஷோனி முதலிய பழங்குடியினர் அதற்கு முன்பே வாழ்ந்து வந்தனர். எங்கள் பக்கத்திலும் நாற்று நட்ட பெண்களும் ஆடு மேய்த்த பெண்களும் இருந்தனர். நிலம் கைமாறியபோது உடையவருக்குப் பணம் வந்தது. நாற்று நட்டவளுக்கு வேலை போயிற்று. அவளுடைய குறிப்பேடும் எங்கும் இல்லை.

மற்றோர் ஒற்றுமையையும் சொல்ல வேண்டும். புதுநிலத்தில் உழைத்த பெண்கள் ஒரு கட்டத்தில் தமக்கும் ஒரு சொல் வேண்டும் என்று கேட்கின்றனர். மார்மன்கள் குடியேறிய யூட்டா பகுதியில் பெண்கள் 1870ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர். 1887ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அதைப் பறித்தது. அவர்கள் ஓயாது போராடி, 1896ஆம் ஆண்டில் யூட்டா தனி மாநிலமானபோது மீண்டும் பெற்றனர்.

நம் பக்கத்தில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு என்னாயிற்றோ என்ற அச்சம் மற்ற விடுதிகளுக்கும் பரவிற்று. பெண்கள் திரண்டு சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்கள் எழுப்பிய முதற் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அன்று. எம் தோழியர் எங்கே, எமக்குத் தரும் சோறு எத்தகையது, நாங்கள் படுக்கும் இடம் எத்தகையது என்பனவே அவர்கள் கேட்டவை. தொழிற்சாலை மூடப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான் மீண்டும் இயங்கிற்று. விடுதிகளின் குறைகளை நிறுவனத்தாரும் அரசினரும் கவனிக்க வேண்டியதாயிற்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய மகளிர் விடுதி திறக்கப்பட்டது. அதன் செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தத் தொகையும் படுக்கைகளின் எண்ணிக்கையும் ஏட்டில் ஏறிவிட்டன. நூறாண்டு கழித்தும் கிடைக்கும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் என்னும் புள்ளிவிவரமும் கிடைக்கும். ஆனால் அன்றிரவு மார்கழிப் பனியில் நெடுஞ்சாலையில் அமர்ந்திருந்த ஒரு பெண், ஊரிலிருந்து தாய் கைப்பேசியில் அழைத்தபோது என்ன பதில் சொன்னாள்? எடுத்துப் பேசினாளா, எடுக்காமல் விட்டாளா? அதை எவரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா?

இக்கேள்விக்கு விடை காண்பது உங்கள் கையில் இருக்கிறது. உங்களுள் பலருக்கு ஓர் அக்காளோ, அத்தையோ, தாயோ இப்படி வேலைக்குச் சென்றவராக இருப்பார். அவர் அனுப்பிய பணத்தில் படிப்பவரும் உங்களுள் இருப்பீர். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாள் எந்தப் பேருந்தில் சென்றாய், யார் வழியனுப்பினார், பெட்டியில் என்ன கொண்டு சென்றாய், முதற் சம்பளத்தில் என்ன வாங்கினாய், இரவு ஷிப்டில் தூக்கம் வந்தால் என்ன செய்தாய், எதை வீட்டாரிடம் சொல்லாமல் மறைத்தாய் என்று கேளுங்கள். அவர் கூறியதை அவர் கூறியவாறே எழுதுங்கள். நாளும் ஊரும் குறியுங்கள். அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அதுவும் அவருடைய உரிமையே.

என் மாடி அறையில் இன்றும் பெண்கள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வாங்கித் தந்தேன். அவர்களுள் ஒருத்தி சிரித்துவிட்டாள். “இதில் எழுத என்ன இருக்கிறது, டீச்சர்? தினமும் போகிறோம், வருகிறோம்” என்றாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. “எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்பதையாவது எழுது” என்றேன். மற்றவர்கள் எழுதுகிறார்களோ என்னவோ, நான் கேட்பதில்லை. அவள் மட்டும் எழுதுகிறாள். விடியற்காலையில் தெருமுனையில் வண்டி நின்று புறப்படும், வாசற்கதவு ஓசைபடாமல் திறந்து மூடும், சற்று நேரம் மாடியில் விளக்கு எரியும், பிறகு அணைந்துவிடும். மாதக் கடைசியில் கூட்டல் பார்க்க வேண்டுமா என்று நான் கேட்டதில்லை. அவளாகக் கொண்டுவந்து கொடுத்தால், இம்முறை எல்லா வரிகளையும் படிப்பேன்.